குடுவைக்குள் வந்த சண்டை மீன்

பெட்டா மீனுக்கு ஒரு சின்ன கண்ணாடிக் குடுவை போதும்னு பலரும் நம்புகிறோம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், இதன் பெயர் 'பிளா கட்'. கடிக்கும் மீன் என்று பொருள். அங்கே பந்தயச் சண்டைக்காக வளர்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் தியோடர் கேன்டர் 1849இல் இதைப் பற்றி எழுதினார். அவர் தந்த 'பக்னாக்ஸ்' என்ற பெயர் வேறொரு மீனுக்கு உரியது என்று கண்ட டேட் ரீகன், 1910இல் 'பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ்' என்று பெயரிட்டார்.

இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி. செவுளோடு, வெளிக்காற்றைச் சுவாசிக்க லேபிரிந்த் என்ற உறுப்பும் இருப்பதால் ஜாடியில் தாக்குப்பிடித்தது. ஆக, ஜாடி என்பது பந்தயக்காரர்களின் வசதிக்காக வந்த ஏற்பாடு. மீனின் சொந்த இடமோ வெதுவெதுப்பான நெல்வயலும் சதுப்பும்: ஆழம் குறைவு, பரப்பு அதிகம்.

இன்னொரு விஷயம், கழிவிலிருந்து வரும் அமோனியாவுக்கு லேபிரிந்த் உறுப்பு மருந்தல்ல. குடுவையில் அது சீக்கிரம் சேர்ந்துவிடும். அதனால் 20 லிட்டர் தொட்டி, 25-27 டிகிரி செல்சியஸ் வெப்பம், மெதுவான ஃபில்டர், துள்ளி விழாமல் இருக்க மூடி. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாத்துங்க, குளோரின் நீக்கிய தண்ணீராக.