இருமுறை நோக்கிய கண்கள்

அரிய கற்களைச் சேகரிப்போர் காடும் மலையும் ஏறி இறங்கி, பூமியைக் குடைந்தே அவற்றைக் கண்டெடுப்பர் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் உலகின் மிக அரிய கற்களுள் ஒன்றான டாஃபைட் என்னும் வெளிர் ஊதாக் கல், சுரங்கத்திலன்று, நகைக்கடைக்காரர் ஒருவரின் பழைய கற்களிடையே கண்டறியப்பட்டது.

அதைக் கண்டறிந்தவர் ரிச்சர்டு டாஃப் (1898–1967). ஆஸ்திரியாவின் தலைமை அமைச்சராயிருந்த எட்வர்டு டாஃபின் பேரன், பொஹீமியாவில் பிறந்தவர். முதல் உலகப்போரில் எதிரணியில் நின்றமையால், 1919-இல் அக்குடும்பம் தன் அயர்லாந்துப் பிரபுப் பட்டத்தை இழந்தது. பின்னாளில் டப்ளின் நகரில் வாழ்ந்த அவர், இரத்தினங்களை ஆராய்வதில் ஈடுபட்டார்.

1945 அக்டோபரில், டப்ளின் நகைக்கடைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய கற்களை அவர் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று, பட்டை தீட்டப்பட்ட வெளிர் ஊதாக் கல். எடை 1.419 காரட், ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறம், அடர்த்தி, ஒளிவிலகல் யாவும் ஸ்பினல் என்னும் கல்லையே ஒத்திருந்தன. எனினும் உருப்பெருக்கியின் வழியே நோக்கியபோது, கல்லின் அடிப்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாய்த் தெரிந்தன. ஸ்பினலுக்குள் புகும் ஒளி இரண்டாகப் பிரிவதில்லை, இக்கல்லிலோ பிரிந்தது!

ஐயுற்ற டாஃப், நவம்பர் முதல் நாளன்று கல்லை இலண்டன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆண்டர்சனுக்கு அனுப்பினார். அது எதுவென அங்கும் எவராலும் கூற இயலவில்லை. உள்ளதோ ஒரே கல். அதன் உட்கூறுகளை அறிய வேண்டுமாயின் ஒரு பகுதியை இழந்தாக வேண்டும். அந்த இழப்புக்குப் பின்னரே உண்மை துலங்கியது. பெரிலியம், மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடான அது, அதுவரை உலகம் அறியாத கனிமம். 1951-இல் அதன் விவரம் வெளியானபோது, கண்டறிந்தவரின் பெயரையே அது தாங்கியிருந்தது. பட்டை தீட்டிய நிலையில் முதன்முதலாக அறியப்பட்ட கனிமம் இதுவே என்பர்.

இதற்கிடையில், 1949-இல் இலண்டனிலேயே இரண்டாவது கல்லொன்று அகப்பட்டது. பின்னர் இலங்கையின் இரத்தினக்கல் படிவுகளிலும், மியான்மரிலும் தான்சானியாவிலும் இக்கனிமம் கண்டறியப்பட்டது. ஸ்பினல் என்னும் பெயரில் எத்தனை டாஃபைட் கற்கள் அதற்கு முன்னர் கைமாறினவோ, யார் அறிவார்!

அக்கல்லில் பட்டை தீட்டியவரும் அதைப் பார்த்தார், விற்றவரும் பார்த்தார். ஒருவர் மட்டுமே மீண்டும் நோக்கினார். நாமும் நம்மோடு வாழ்வோரை ஒரே பார்வையில் எடைபோட்டு, ஒரு பெயரிட்டு, ஒதுக்கிவைத்து விடுகிறோம் அல்லவா? அரசர் தந்த பட்டத்தை அரசு பறித்துக்கொண்டது. பொறுமையான இரண்டாம் பார்வை ஈட்டித் தந்த பெயரோ, இன்றும் அந்தச் சிறு கல்லில் நிலைத்திருக்கிறது.