கொடைக்கானல் ஏரிக்குள்ள கருவி இறக்கப் போறீங்களா? மூடியை எங்கே மூடுறீங்கங்கிறதுதான் முக்கியம்!

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஏற ஆரம்பிச்சதும், பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துப் பார்த்திருக்கீங்களா? பலூன் மாதிரி உப்பியிருக்கும். திரும்பி வரும்போது நேர்மாறு. மலை மேல குடிச்சு முடிச்சு, மூடி வெச்ச காலி வாட்டர் பாட்டில், கீழே வந்ததும் யாரோ மிதிச்ச மாதிரி நசுங்கிக் கிடக்கும்.

சுற்றுலா போறவங்களுக்கு இது வேடிக்கை. ஏரித் தண்ணீரை அளக்கும் கருவியை வாட்டர்ப்ரூஃப் ஹவுசிங்கில், அதாவது நீர்புகா உறையில் வெச்சு எடுத்துட்டுப் போறவங்களுக்கு இதுதான் முதல் பாடம். ஏன்னா, அந்த உறையும் ஒருவகையில் சிப்ஸ் பாக்கெட்தான்.

என் தோழி ஒருத்தி இதைக் கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டா. ஆய்வு மாணவி. தண்ணீரின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகரை மதுரையில், ஒரு மத்தியான நேரத்தில் உறைக்குள்ள வெச்சுப் பூட்டினா. கொடைக்கானல் ஏரியில் மூணு வாரம் தொங்கவிட்டு எடுத்தா. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகலை. ஆனா மூடியின் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. சர்க்யூட் போர்டில் பச்சை பூத்திருந்தது. பதிவு நாலாவது நாளோட நின்னுபோச்சு. அந்தத் தண்ணீர் ஏரித் தண்ணீர் இல்லை. மதுரைக் காற்றோட சேர்ந்து உள்ளே போன ஈரம்!

கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், தன்னார்வலர்கள்னு நீர்நிலைகளை அளக்கக் கிளம்பியிருக்கும் எல்லாருக்கும் பயன்படும் வழிகாட்டி இது. ஆக்‌ஷன் கேமராவை உறையில் போட்டு அருவியில் இறக்குறவங்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

எதுக்கு இந்த ஏரியை அளக்கணும்?

கொடைக்கானல் ஏரி இயற்கையானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் ஓடையை மறித்து உருவாக்கியது. நட்சத்திர வடிவில் சுமார் 60 ஏக்கர். இன்னிக்கு அதைச் சுத்தி ஓர் ஊரே இருக்கு. இங்கே இயங்கி, 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஏரி வரைக்கும் வந்திருப்பதை, 2006-ல் வெளியான ஓர் ஆய்வு தண்ணீர், வண்டல், மீன் மாதிரிகளை வெச்சுக் காட்டியது.

இப்படிப்பட்ட ஏரியை வருஷத்துக்கு ஒருமுறை பாட்டிலில் பிடிச்சுப் பார்த்தா போதாது. ராத்திரி, மழை, பனி, சீசன் கூட்டம்னு எல்லா நேரத்திலும் தண்ணீர் எப்படி மாறுதுனு தொடர்ந்து பதிவாகணும். அதுக்குத்தான் வாரக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் கருவிகள். உறை கைவிட்டுட்டா கருவியை மறுபடி வாங்கிக்கலாம். போன மாசத்து ஏரியை மறுபடி அளக்க முடியாது.

உறைக்குள்ள என்ன நடக்குது?

ஆராய்ச்சி உறைன்னதும் பயப்பட வேண்டாம். ஒரு குழாய், ஒரு மூடி, நடுவில் ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம்தான் ஓ-ரிங். டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சென் என்பவர் 1939-ல் இதுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு பிரஷர் குக்கரிலிருந்து ராக்கெட் வரை ரப்பர் வளையம் இல்லாத இடமே கம்மி.

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும், கடல் மட்டத்தில் நாம சுமக்கும் காற்றழுத்தம் அளவுக்கு இன்னொரு மடங்கு கூடும். சென்னையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000, மூணு பேரோட 6,000 மீட்டர் ஆழத்துக்குப் போக வேண்டியது. அங்கே அழுத்தம் சுமார் 600 மடங்கு. அதனால்தான் அதில் மனிதர்கள் இருக்கும் பகுதி கனமான டைட்டானியக் கோளம்.

நம்ம ஏரியில் அந்தக் கவலை இல்லை. ஆனா, ஆச்சர்யமான விஷயம் ஒண்ணு இருக்கு. ஓ-ரிங்குக்கு ஆழம் எதிரி இல்லை, நண்பன். வெளியே அழுத்தம் கூடக் கூட, அது வளையத்தைப் பள்ளத்தோட இன்னும் இறுக்கமா ஒட்ட வைக்கும். ஒழுகல் பெரும்பாலும் தொடங்குறது ஆழம் கம்மியான இடத்தில்தான். ஏரிக் கரையோரத்தில் நாம கருவியைக் கட்டித் தொங்கவிடும் இடமும் அதேதான்.

மலை செய்யும் வேலை

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கு. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 78 சதவிகிதம்தான். இதனால் மூணு சிக்கல்கள் வரும்.

முதல் சிக்கல், உப்பல். அடிவாரத்தில் மூடிய உறைக்குள்ள அடிவாரத்துக் காற்று அடைபட்டிருக்கும். மேலே போனதும் அது மூடியை வெளியே தள்ளும். 10 செ.மீ. விட்டமுள்ள மூடினா, உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதைக் கழிச்ச பிறகும், 10 கிலோவுக்கு மேல தள்ளுவிசை இருக்கும். இப்போ அதை ஏரியில் இறக்குங்க. சுமார் ஒண்ணரை மீட்டர் ஆழம் வரை தண்ணீர் மூடியை உள்ளே அழுத்துறதைவிட, உள்காற்று வெளியே தள்ளுறதுதான் அதிகம். கிளிப் போட்டு மூடும் சாதாரண உறைகளில் மூடி ஒரு மயிரிழை தூக்கினாலே போதும், ஓ-ரிங்கின் பிடி தளர்ந்திடும்.

ரெண்டாவது, வியர்வை. 30 டிகிரி வெயிலில், 70 சதவிகித ஈரப்பதம் இருக்கும்போது, ஒரு லிட்டர் காற்றில் சுமார் 21 மில்லிகிராம் நீராவி இருக்கும். தண்ணீர் 15 டிகிரினு வெச்சுக்குவோம். அந்தக் குளிரில் ஒரு லிட்டர் காற்றால் 13 மில்லிகிராமுக்கு மேல தாங்க முடியாது. மிச்சம் 8 மில்லிகிராம் கண்ணாடி மேலயும் போர்டு மேலயும் பனியாகப் படியும். கேட்க ரொம்பக் கம்மியா தெரியும். ஆனா லென்ஸை மறைக்கவும், செம்புக் கம்பியை அரிக்கவும் அது போதும்.

மூணாவது, திரும்பி வரும் வழி. மலை மேல மூடிய உறையை அப்படியே கீழே கொண்டுவந்தா, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடிச்சுக்கும். திறக்க முடியாம ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, ஓ-ரிங் பள்ளத்தில் கீறல் போட்டவங்க உண்டு. அந்த ஒரு கீறலோட உறையின் கதை முடிஞ்சது.

மூணுக்கும் தீர்வு ஒண்ணுதான்: எங்கே இறக்குறீங்களோ, அந்த உயரத்தில் மூடுங்க. இறங்குறதுக்கு முன்னாடி அங்கேயே திறந்துடுங்க. பயணத்தில் மூடி தனி, உறை தனி. அழுத்தத்தைச் சமன் செய்யும் திருகு இருக்கும் உறைனா, பயணம் முழுக்க அந்தத் திருகைத் தளர்த்தி வையுங்க.

மூடுறதுக்கு முன்னாடி

ஏரிக்கரையில் பனிமூட்டத்துக்கு நடுவில் நின்னு மூடாதீங்க. தங்கியிருக்கும் அறையில், காய்ஞ்ச மேஜையில், நல்ல வெளிச்சத்தில் முந்தின நாள் ராத்திரியே முடிச்சிடுங்க. அவசரத்தில் மூடுற உறைதான் ஒழுகும்.

1. ஓ-ரிங்கை விரலால் ஒரு பக்கம் தள்ளி, எழும்பும் இடத்தில் பிடிச்சு எடுங்க. வரலைனா பழைய ஏ.டி.எம். கார்டின் முனை போதும். ஊசி, கத்தி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம்.

2. பஞ்சு உதிராத துணியால் வளையத்தையும் பள்ளத்தையும் துடைங்க. விரலுக்கு நடுவில் வளையத்தை மெதுவா ஓட்டிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத வெட்டு, விரலுக்குத் தெரியும். சந்தேகம் வந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க. கருவியின் விலைக்கு முன்னாடி ஓ-ரிங்கின் விலை ஒண்ணுமே இல்லை.

3. கிரீஸ் கொஞ்சமா தடவுங்க. வளையம் மினுமினுக்கணும், அவ்வளவுதான். ஒழுகலைத் தடுக்குறது ரப்பர்தான். கிரீஸ், ரப்பர் சரியா உட்கார உதவும். அதிகமானா தூசியையும் முடியையும் இழுத்து வெச்சுக்கும்.

4. எந்த கிரீஸ்னு உறைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்க. நைட்ரைல் ரப்பருக்குப் பொதுவா சிலிக்கான் கிரீஸ். ஆனா வளையமே சிலிக்கான்ல செஞ்சதுனா, அதே கிரீஸ் அதை ஊத வெச்சிடலாம். வாசலின், தேங்காய் எண்ணெய் எல்லாம் கைக்கு மட்டும்.

5. வளையம் முறுக்கிக்காம உட்கார்ந்திருக்கானு சுத்திப் பாருங்க. ஒரு தலைமுடி, ஸ்வெட்டரிலிருந்து வந்த ஒரு கம்பளி நூல் போதும், தண்ணீருக்கு வழி கிடைச்சிடும். கொடைக்கானலில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்போம். கை நுனியை மடிச்சுவிட்டுட்டு வேலை பாருங்க.

6. சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணைப் போட்டு மூடுங்க. நிறம் மாறிய பழைய பாக்கெட் ஏற்கெனவே ஈரத்தைக் குடிச்சு முடிச்சது. அதால் பிரயோஜனம் இல்லை.

வாளி டெஸ்ட்

கருவியை உள்ளே வைக்காம, ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் வெச்சு மூடி, வாளித் தண்ணீரில் கல் வெச்சு அமுக்குங்க. முதல் அஞ்சு நிமிஷம் கண்ணை எடுக்காதீங்க. ஒரே இடத்திலிருந்து குமிழி விடாம வந்தா, அங்கேதான் பிரச்னை. ஒரு மணி நேரம் கழிச்சு எடுங்க. டிஷ்யூ காய்ஞ்சிருந்தா ஓகே. மூடி மட்டுமில்லை, சென்சார் வயர் வெளியே வரும் துளைகளும் ஒழுகும் இடங்கள்தான். அதையும் கவனிங்க.

இறக்கும்போது

ஏரி நகராட்சியோட பொறுப்பில் இருக்கு. பேரிஜம் ஏரி இருக்கும் காட்டுப் பகுதிக்குப் போகவே வனத்துறை அனுமதி வேணும். எழுத்தில் அனுமதி வாங்காம எதையும் இறக்காதீங்க. உறையின் மேல் இது என்ன கருவி, யாரோடது, எந்த எண்ணில் பேசணும்னு அழியாத மையில் எழுதுங்க. தண்ணீருக்குள்ள கிடைக்கும் மர்மக் குழாய் எல்லாருக்கும் பீதியைக் கிளப்பும்.

படகுகள் போகும் பாதையைத் தவிர்த்து, ரெண்டு இடத்தில் கட்டுங்க. கருவி தரையில் படாம, அடிவண்டலுக்கு மேல தொங்கணும். வண்டலைக் கிளறினா அளவும் கெடும், அதில் தங்கியிருக்கும் பாதரசமும் கிளம்பும். உறையைச் சுத்தி, சென்சாரை மறைக்காம, பி.வி.சி. டேப் சுத்திடுங்க. பாசி டேப் மேல படியும். எடுத்ததும் டேப்போட சேர்த்து உரிச்சுடலாம்.

அளவுகளிலும் மலை விளையாடும். அழுத்தத்தை வெச்சு ஆழம் கணக்கிடும் கருவியில் கடல் மட்டக் காற்றழுத்தம் பதிவாகியிருந்தா, கரையில் வெச்சிருக்கும்போதே மைனஸ் 2.3 மீட்டர்னு காட்டும்! கரைந்த ஆக்சிஜனும் அப்படித்தான். 15 டிகிரி தண்ணீர் கடல் மட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கும். கொடைக்கானல் உயரத்தில் 8-க்குப் பக்கத்தில்தான். உயரத்தைப் பதிவு செய்யாம அளந்துட்டு, 'ஏரி மூச்சுத் திணறுது'னு எழுதிடாதீங்க.

எடுத்த பிறகு

கையுறை போட்டுக்கிட்டு, மூடியிருக்கும்போதே நல்ல தண்ணீரில் கழுவுங்க. துடைச்சு, நல்லா காய்ஞ்ச பிறகு, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடிச்சுத் திறங்க. இடுக்கில் நிக்கும் சொட்டு கீழே விழும், கருவி மேல விழாது.

உள்ளே தண்ணீர் தெரிஞ்சா ரொம்ப ஜாக்கிரதை. நனைஞ்ச லித்தியம் பேட்டரி வாயுவை வெளியிட்டு, மூடியைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி தள்ளலாம். முகத்துக்கு நேரா பிடிக்காதீங்க. திறந்த வெளியில், மூடி யார் பக்கமும் இல்லாத மாதிரி வெச்சு மெதுவா தளர்த்துங்க. பேட்டரி உப்பியிருந்தாலோ, சூடா இருந்தாலோ தொடாம விலகிடுங்க. மத்தபடி பேட்டரியைக் கழட்டிட்டு, போர்டை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நல்லா காய்ஞ்ச பிறகுதான் கரன்ட் கொடுக்கணும். அரிசி டப்பா வைத்தியம் வேண்டாம். மாவும் தூசியும்தான் சேரும்.

பல வாரத்துக்குப் பயன்படுத்தப் போறதில்லைனா, பேட்டரியை எடுத்துடுங்க. ஓ-ரிங்கைக் கழட்டி, ஜிப் கவரில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்க. இறுக்கியே வெச்சா ரப்பர் தட்டையாகி, அப்படியே நின்னுடும். வருஷத்துக்கு ஒருமுறை புது வளையம் போட்டுடுங்க.

கடைசியா ஒரு சின்ன நோட்டு. எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை டிகிரியில் மூடினீங்க, எப்போ ஓ-ரிங் மாத்தினீங்கனு ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்க. என் தோழி இப்போ அப்படித்தான் செய்யுறா. அவளோட நோட்டில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: 'கீழே மூடாதே!'