“இதை எப்படிச் செய்தார்கள்?” - ஒரு கேள்வியின் வரலாறு



உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் காலம் வந்தால் சில பெற்றோர் ஒரே முறைப்பாட்டோடு பாடசாலைக்கு வருவார்கள். “சேர், மகன் கேம் செய்யிற வேலைக்குப் போகப் போறானாம்.” இன்னொருவர், “மகள் படத்துக்கு கிராபிக்ஸ் செய்யப் படிக்கணும் எண்டு நிக்கிறா” என்பார். பிள்ளைக்கு ஏதோ நோய் வந்துவிட்டது போன்ற கவலை முகத்தில் தெரியும்.

இந்த ஆசை பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? “எல்லாம் இந்தப் போனால் வந்த வினை” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இந்த ஆசைக்குக் கிட்டத்தட்ட நூறு வருட வரலாறு இருக்கிறது. அதில் எங்கள் ஸரந்தீப்புக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. வாசித்துப் பாருங்கள்.

1933ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ரே ஹரிஹவுசன் என்ற 13 வயதுப் பையன் ‘கிங் கொங்’ படம் பார்க்கப் போனான். ஒரு இராட்சதக் குரங்கு நகரத்துக்குள் புகுந்து உயர்ந்த கட்டடத்தின் மேல் ஏறும் கதை. படம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் வீடு போய் வேறு விளையாட்டில் இறங்கியிருப்பார்கள். இவனுக்கு மட்டும் ஒரு கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. “இதை எப்படிச் செய்தார்கள்?”

தேடிப் பார்த்து விடையைக் கண்டுபிடித்தான். குரங்கு ஒரு சிறிய பொம்மை. உள்ளே மூட்டுகளோடு கூடிய உலோக எலும்புக்கூடு, வெளியே றப்பரும் உரோமமும். பொம்மையை மயிரிழை அளவு அசைத்து ஒரு படம் எடுப்பார்கள். மறுபடி அசைத்து இன்னொரு படம். இப்படி 24 படங்கள் சேர்ந்தால்தான் திரையில் ஒரு விநாடி. இந்த வேலையில் அன்றைய முன்னோடி வில்லிஸ் ஓபிரையன் என்பவர். பண்ணைக் கூலி, குத்துச்சண்டை, பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைதல் என்று பல தொழில் பார்த்துவிட்டு இதற்கு வந்தவர் அவர்.

பையன் வீட்டிலேயே செய்து பார்க்கத் தொடங்கினான். குகைக் கரடி ஒன்று செய்வதற்குத் தாயாரின் உரோமக் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டான். எங்கள் வீடுகளில் உம்மாவின் நல்ல உடுப்பில் கத்தரி வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அந்த வீட்டில் அது சகித்துக்கொள்ளப்பட்டது. தகப்பன் இயந்திர வேலை தெரிந்தவர். பொம்மைகளுக்குள் வைக்கும் உலோக எலும்புக்கூடுகளை மகனுக்குச் செய்து கொடுத்தார். தாயார் சின்னச் சின்ன உடுப்புகள் தைப்பதில் உதவினார்.

பாடசாலையில் கூடப் படித்த ஒரு மாணவியின் தகப்பன் ஓபிரையனோடு வேலை செய்தவர். அவள் மூலம் வழி தெரிந்து, தான் செய்த டைனோசர்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஓபிரையனிடமே போய்விட்டான். அவர் பார்த்துவிட்டு முகஸ்துதி செய்யவில்லை. டைனோசரின் கால்கள் சொசேஜ் மாதிரி இருப்பதாகச் சொன்னார். உடற்கூற்றியல் படிக்கும்படி சொன்னார். பையன் கோபித்துக்கொண்டு போகவில்லை. இரவு வகுப்புகளில் சேர்ந்து சித்திரமும் உடற்கூற்றியலும் படித்தான். பல வருடங்களுக்குப் பிறகு, 1949இல் வெளியான ‘மைட்டி ஜோ யங்’ படத்தில் அதே ஓபிரையனுக்கு உதவியாளராக வேலை செய்தான். அந்தப் படத்தின் பொம்மை அசைவுகளில் பெரும்பகுதி அவனுடைய கைவேலைதான்.

இனி ஸரந்தீப்புக்கு வருகிறேன்.

ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் வரும் சிந்துபாத், தன் ஆறாவது பயணத்தில் கரையொதுங்குவது ஸரந்தீப்பில். பாவா ஆதம் மலையைப் பற்றிய பேச்சும் அந்தக் கதையில் உண்டு. எங்கள் பாட்டன்மார் வாய்வழியாகக் கேட்ட அந்தக் கடலோடியைத்தான் ஹரிஹவுசன் பிற்காலத்தில் கையில் எடுத்தார். ‘சிந்துபாத்தின் ஏழாவது பயணம்’ படம் 1958இல் வந்தது. அதன் சில காட்சிகள் ஸ்பெயினின் கிரனடாவில், முஸ்லிம் மன்னர்கள் கட்டிய அல்ஹம்ரா மாளிகையில் எடுக்கப்பட்டவை. ஒற்றைக் கண் இராட்சதன், பெரும் பறவை, வாள் வீசும் எலும்புக்கூடு எல்லாவற்றையும் ஹரிஹவுசன் தன் கையாலேயே அசைத்தார். 1963இல் இன்னொரு படத்துக்காக ஏழு எலும்புக்கூடுகளின் சண்டையைச் செய்தார். திரையில் சில நிமிடம்தான் ஓடும். செய்து முடிக்க நாலரை மாதம் எடுத்தது. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் சராசரியாக 13 படங்கள், அதாவது திரையில் அரை விநாடி!

சிந்துபாத் படத்தைத் தியேட்டரில் பார்த்த பிள்ளைகளில் பில் டிப்பட் என்ற 7 வயதுச் சிறுவனும் ஒருவன். 1933இல் ஹரிஹவுசனுக்கு நடந்தது 25 வருடங்களுக்குப் பிறகு இவனுக்கும் நடந்தது. அதே கேள்வி. ஹரிஹவுசன் படங்களைப் பார்த்து வளர்ந்த இன்னொருவர் டெனிஸ் முரன். இருவரும் வளர்ந்து ‘ஸ்டார் வோர்ஸ்’ படங்களில் ஒன்றாக வேலை செய்தார்கள்.

பிறகு வந்தது ‘ஜுராசிக் பார்க்’. இந்தப் படத்தின் பெரிய டைனோசர் காட்சிகளுக்குப் பொம்மைகளை அசைப்பதாகத்தான் முதலில் திட்டம். அந்தப் பொறுப்பு டிப்பட்டிடம் இருந்தது. இதற்கிடையில் முரனின் குழு கணினியில் டைனோசரை நடக்க வைத்துக் காட்டியது. அதைப் பார்த்த டிப்பட், தானும் டைனோசர் மாதிரி அழிந்துபோனேன் என்ற கருத்தில் சொன்ன வார்த்தை பிரசித்தமானது. இயக்குநர் ஸ்பீல்பேர்க் அந்தப் பேச்சைப் படத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்.

ஆனால் அவர் அழிந்து போகவில்லை. கணினி தெரிந்த இளைஞர்களுக்கு ஒரு மிருகம் எப்படிக் காலை ஊன்றும், பாரம் எந்தப் பக்கம் சாயும் என்பது போதுமான அளவு தெரிந்திருக்கவில்லை. டிப்பட்டுக்குத் தெரியும். அவருடைய கலையகத்தில் உணரிகள் பொருத்திய ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைச் செய்தார்கள். பொம்மை அசைக்கும் கலைஞர் அதைக் கையால் அசைக்க, அந்த அசைவு கணினிக்குள் போகும். 1993இல் படம் வந்தது. அதன் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற நால்வரில் முரனும் டிப்பட்டும் இருந்தார்கள்.

“இப்ப எல்லாத்தையும் ஏஐ செய்யுமே, பிள்ளை படிச்சு என்ன பிரயோசனம்?” என்று கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். கருவி மாறிவிட்டது. உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேலை இருந்தது.

கேம் பக்கமும் இதே கதைதான். ‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’ விளையாட்டை 1989இல் வெளியிட்ட ஜோர்டன் மெக்னர், ஆயிரத்தொரு இரவுகள் கதைகளிலிருந்தும் 1940இல் வந்த ‘பாக்தாத் திருடன்’ படத்திலிருந்தும் தூண்டுதல் பெற்றவர். விளையாட்டில் வரும் இளவரசன் மனிதனைப் போலவே ஓட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். தன் தம்பிக்கு வெள்ளை உடுப்புப் போட்டு ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு படமாகப் பிரித்துக் கணினியில் வரைந்தார். விளையாட்டுக்கு இசை அமைத்தது அவருடைய தகப்பன். இங்கேயும் பாருங்கள், பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது. ‘லைஃப் ஒஃப் பை’ படத்தில் படகில் வரும் புலியின் பெரும்பகுதி கணினியில் உருவானது. அதைச் செய்த ‘ரிதம் அன்ட் ஹியூஸ்’ நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கூட கிளைகள் இருந்தன. 2013 பெப்ரவரியில் அந்தப் படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் வென்றது. அதே மாதம், விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் நிறுவனம் வங்குரோத்து மனு கொடுத்திருந்தது. பலருக்கு வேலை போயிருந்தது. மேடையில் விருது வாங்கியவர் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியபோது இசையைப் போட்டுப் பேச்சை முடித்துவிட்டார்கள். திறமைக்குப் பஞ்சமில்லாத இடத்திலும் தொழில் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். இதைப் பிள்ளையிடம் மறைக்கத் தேவையில்லை. உருவம், இசை சம்பந்தமான மார்க்க வரையறைகளையும் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறச் சொல்லுங்கள்.

உறவுகளே, இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்பக் காண்பது மூன்று விடயங்கள். முதலாவது, பார்த்து ரசித்ததோடு நிற்காமல் “எப்படி?” என்று கேட்ட ஒரு பிள்ளை. இரண்டாவது, கோட்டு போனாலும் பரவாயில்லை என்று இடம் கொடுத்த ஒரு வீடு. மூன்றாவது, “கால் சரியில்லை, போய்ப் படி” என்று உண்மையைச் சொன்ன ஒரு பெரியவர்.

ஆகவே பிள்ளை “கேம் செய்யப் போறேன்” என்றால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே சம்மதிக்கவும் வேண்டாம். “நீ செய்ததைக் காட்டு மகன்” என்று கேளுங்கள். மணிக்கணக்கில் விளையாடுவது மட்டும்தான் நடக்கிறதென்றால், அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி அளவு வையுங்கள். கொப்பியின் பின்பக்கத்தில் குதிரை ஓடும் படங்கள் வரிசையாக வரைந்திருந்தால், களிமண்ணில் ஒரு யானை செய்து போனில் படம் படமாக எடுத்து அசைத்திருந்தால், அந்தப் பிள்ளையிடம் அந்தக் கேள்வி இருக்கிறது. கணிதத்தையும் சித்திரத்தையும் கைவிடாமல் படிக்கச் சொல்லுங்கள். இந்தத் தொழிலுக்கு இரண்டும் வேண்டும். அவர் செய்ததைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டி உண்மையான கருத்துக் கேளுங்கள்.

வெளிநாட்டில், உள்நாட்டில் இந்தத் துறையில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். ஒரு பிள்ளையின் வேலையைப் பத்து நிமிடம் பார்த்து, எங்கே பிழை என்று சொல்ல உங்களால் முடியும். ஓபிரையன் அன்று செய்ததும் அவ்வளவுதான்.