உயர்மலையும் உயிர்மூச்சும்

உயர்ந்த மலைகளில் ஏறுவோரைத் தலைவலியும் குமட்டலும் பற்றுவதை மக்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்தனர், காரணத்தைத்தான் காணவில்லை. அந்தீசு மலைவாசிகள் அதனை உலோகச் சுரங்கங்களின் நச்சாவி என்றனர். இமயக் கணவாய்களைக் கடந்தோர் நச்சுப் பூக்களின் வாடை என்றனர். பெரு நாட்டின் பரியகாக்கா மலையைக் கடக்கையில் வாந்தியெடுத்து, உயிரே பிரிந்துவிடும் என்று அஞ்சிய ஸ்பானியப் பாதிரியார் ஹோசே தெ அகொஸ்தா, அந்த அநுபவத்தை 1590ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் எழுதினார். அங்குள்ள காற்று மனிதரின் சுவாசத்துக்குப் பொருந்தாத அளவு மெல்லியது என்பது அவருடைய ஊகம். கருவி ஏதுமின்றி உண்மைக்கு இத்துணை அருகில் வந்தது வியப்புக்குரியதே.

அவ்வூகத்தைச் சோதனையால் நிலைநாட்டியவர் பிரான்சிய அறிஞர் பவுல் பேர்ட். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கும் ஏறக்குறைய ஐந்திலொன்றுதான். ஆயினும் உயரம் கூடக்கூட அமுக்கம் குறைவதால், ஒரு மூச்சில் கிட்டும் ஒட்சிசன் சுருங்குகின்றது. 5,500 மீற்றர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. அமுக்கம் குறைத்த இரும்பு அறையினுள் தாமே அமர்ந்து, ஒட்சிசனைச் சுவாசித்ததும் உடல் தெளிவதை அவர் கண்டறிந்தார்.

அறிந்தும் உயிர்கள் போயின. 1875 ஏப்பிரல் 15ஆம் நாள் குரோசே-ஸ்பினெல்லி, சிவெல், திசாந்தியே ஆகிய மூவர் 'செனித்' என்னும் பலூனில் பாரிசிலிருந்து மேலெழுந்தனர். கொண்டுபோகும் ஒட்சிசன் போதாது என்று பேர்ட் எழுதிய கடிதம் பிந்தியே சேர்ந்தது. இருந்ததையும் அவசர வேளைக்கென ஒதுக்கி வைத்தனர். அவ்வேளை வந்தபோது கைகள் அசைய மறுத்தன. 8,000 மீற்றருக்கு மேல் மூவரும் மயங்கினர். திசாந்தியே ஒருவரே உயிருடன் மீண்டார். அவரும் செவிப்புலன் இழந்தார். வேதனை எதுவும் தோன்றவில்லை, உள்ளத்தில் மகிழ்ச்சியே இருந்தது என்று அவர் பின்னர் எழுதினார். தன்னை மறைத்துக்கொண்டு வருவதே இந்நோயின் கொடுமை.

ஆயின் 1978 மே 8ஆம் நாள் மெஸ்னர், ஹபெலர் என்னும் இருவர், ஒட்சிசன் கலம் எதுவுமின்றி 8,848 மீற்றர் உயர எவரெஸ்ட் உச்சியில் நின்றனர். பலூனில் சென்றோர் சில மணி நேரத்தில் உயர்ந்தனர். இவர்களோ வாரக்கணக்கில் மலையில் தங்கி, ஏறியும் இறங்கியும் உடலைப் பழக்கியவர்கள். அவகாசம் கொடுத்தால் மூச்சு ஆழமாகும். இரத்தத்தில் செங்கலங்கள் பெருகும். 1953இல் எவரெஸ்டை வென்ற குழுவினரும் முன்னதாகத் தியாங்போச்சே மடத்தைச் சுற்றிய மலைகளில் இவ்வாறே பழகினர்.

இன்று மலையேறுவோர் கைக்கொள்ளும் முறையும் இதுவே. 3,000 மீற்றருக்கு மேல், இரவில் உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மிகாமல் உயர்த்துவர். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒருநாள் தங்குவர். அசெற்றசோலமைட்டு என்னும் மருந்து துணைசெய்யும். ஆயினும் விரைந்தேற அது அநுமதிச்சீட்டன்று. தலைவலியும் குமட்டலும் தணியும்வரை மேலே செல்வதில்லை. நடை தள்ளாடினாலோ, ஓய்ந்திருக்கையிலும் மூச்சு முட்டினாலோ, விடியலுக்குக் காத்திராது நோயாளியைக் கீழே இறக்கிவிடுவர்.