விமானியின் சரிபார்ப்புப் பட்டியல் பிறந்த கதை

முதுகில் ஒரு சிறிய இஞ்சின், அதன் பின்னால் சுழலும் புரொப்பெல்லர், தலைக்கு மேலே துணியால் ஆன இறக்கை. இதுதான் பாராமோட்டார். பறக்கப் போகிறவர் முதலில் புரொப்பெல்லரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நட்டு போல்ட்டுகள், பெட்ரோல் குழாய், தொடையில் மாட்டும் பட்டைகள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் சோதிப்பார். நேற்றுதான் நன்றாகப் பறந்தது, இன்று எதற்கு மறுபடியும் இவ்வளவு சோதனை?

விமான உலகில் இந்தப் பழக்கம் வேரூன்றியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது 1935-ம் ஆண்டு நடந்த ஒரு விபத்து.

மாடல் 299

அப்போது அமெரிக்க ராணுவம் ஒரு புதிய குண்டுவீச்சு விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தது. போயிங், மார்ட்டின், டக்ளஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் போட்டியிட்டன. போயிங்கின் விமானத்துக்குப் பெயர் மாடல் 299. மற்ற இரண்டு விமானங்களுக்கும் இரண்டு இஞ்சின்கள், இதற்கோ நான்கு! 1935 ஆகஸ்டில் அது சியாட்டிலில் இருந்து ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகர் வரை, சுமார் 3,400 கிலோமீட்டர் தூரத்தை, எங்கும் நிற்காமல் சுமார் ஒன்பது மணி நேரத்தில் கடந்தது. போயிங்தான் வெல்லும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அக்டோபர் 30-ம் தேதி டேட்டனில் உள்ள ரைட் ஃபீல்டில் சோதனைப் பறப்பு. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில். போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் உள்ளே இருந்தார். ஓடுபாதையை விட்டு எழும்பிய விமானம் மிகவும் செங்குத்தாக ஏறியது. வேகம் குறைந்து, ஒரு பக்கம் சாய்ந்து விழுந்து தீப்பிடித்தது. ஹில் அன்றே இறந்தார். டவர் பின்னர் இறந்தார். மற்ற மூவர் உயிர் தப்பினர்.

காரணம் என்ன?

இஞ்சினில் பழுது இல்லை. விமானத்தின் அமைப்பிலும் குறை இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது பலத்த காற்று அடித்தால், வாலில் உள்ள அசையும் பாகங்கள் அங்குமிங்கும் மோதிச் சேதமாகும். அதைத் தடுக்க அவற்றை அசையாமல் பிடித்து வைக்கும் ஒரு பூட்டு உண்டு. பறக்கும் முன் அதை விடுவிக்க வேண்டும். அன்று யாரும் அதை விடுவிக்கவில்லை. அவ்வளவுதான்!

மறந்தவர்கள் புதியவர்கள் அல்ல. ஒருவர் சோதனைப் பறப்பையே தொழிலாகக் கொண்ட ராணுவ அதிகாரி. இன்னொருவர் அந்த விமானத்தை மற்ற எவரையும் விட நன்கு அறிந்தவர். ஆகவே கூடுதல் பயிற்சி கொடுத்துத் தீர்க்கக்கூடிய பிரச்சினையாக இது தெரியவில்லை.

ராணுவம் டக்ளஸ் நிறுவனத்திடம் 133 விமானங்கள் வாங்க முடிவு செய்தது. இருந்தாலும் போயிங்கை முற்றிலும் கைவிடாமல், 1936 ஜனவரியில் சோதனைக்காக 13 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இன்னொரு விபத்து நடந்தால் அந்த விமானத்தின் கதை முடிந்துவிடும். அப்போதுதான் விமானிகள் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலாக எழுதிக்கொண்டார்கள். பறக்கும் முன், பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என்று பிரித்தார்கள். எல்லாம் அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் அவற்றை நினைவை நம்பிச் செய்யாமல், பட்டியலைப் பார்த்துச் செய்தார்கள்.

அந்த விமானம்தான் பி-17. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 12,731 விமானங்கள் தயாரிக்கப்பட்டன.

பட்டியல் இருந்தும்...

2014 மே 31 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானம் அதே வகைப் பூட்டை விடுவிக்காமலே ஓடுபாதையில் ஓடியது. மேலே எழும்ப முடியாமல் பாதையைத் தாண்டிப் போய்த் தீப்பிடித்தது. ஏழு பேர் இறந்தனர். விமானிகள் இருவரும் நீண்ட அனுபவம் உள்ளவர்கள். பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முந்தைய 175 பறப்புகளில் 98 சதவீதத்தில் அந்தச் சோதனையை முழுமையாகச் செய்யவில்லை என்று தெரிந்தது. இத்தனை முறை எதுவும் நடக்கவில்லை என்பதே அவர்களுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

பாராமோட்டாருக்கு ஏன் இது இன்னும் முக்கியம்? அமெரிக்காவில் 1982-ல் வந்த விதிப்படி, இத்தகைய மிக எடை குறைந்த ஊர்திகளுக்குப் பதிவும் தேவையில்லை, ஓட்டுபவருக்கு உரிமமும் தேவையில்லை. உடன் ஒரு விமானி கிடையாது. சரிபார்த்துக் கையெழுத்திட மெக்கானிக்கும் கிடையாது. டூ ஸ்ட்ரோக் இஞ்சினின் அதிர்வில் போல்ட்டுகள் தளர்வது சாதாரணம். புரொப்பெல்லர் பின்னால் இருப்பதால், கழன்று விழும் ஒரு சின்ன போல்ட் நேராக அதில் போய் மோதக்கூடும். நேற்று இறுக்கிய போல்ட் ஒரு மணி நேரப் பறப்பில் தளர்ந்திருக்கலாம். தொடைப் பட்டையை மாட்ட மறந்துவிட்டால், காலைத் தரையிலிருந்து எடுத்த பிறகுதான் அது தெரியும்.

அதனால்தான் நேற்று பறந்த இஞ்சினை இன்றும் முதலிலிருந்து பார்க்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. ஹில்லும் டவரும் அன்று விடுவிக்க மறந்த பூட்டுக்கு அதுகூட ஆகியிருக்காது.