திகில் சிறுகதையில் தன்பாலின ஈர்ப்பு

ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவதைக் கருவாகவோ உட்கருவாகவோ கொண்ட பேய்க்கதை, இரத்தக்காட்டேரிக் கதை, ஓநாய் மனிதர் கதை, இருண்ட மாயப் புனைவு ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். இவ்வகைக்கெனத் தனித் தொகுப்புகள் வரத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இன்று இதில் சேர்க்கப்படும் கதைகள் பல அதற்கு நூறாண்டு முன்பே அச்சேறியவை. அவற்றை எழுதியவர்கள் எல்லோரும் இந்த வகைப்பாட்டுக்கு ஒப்புவார்களா என்பது ஐயமே.

கிழக்காசியாவில் இதன் தடம் இன்னும் பழையது. சீன எழுத்தாளர் பு சொங்லிங்கின் விந்தைக் கதைத் திரட்டில் ஆண் நரி ஆவி ஒன்றின் மேல் மையல் கொண்ட ஒருவனின் கதை உண்டு. ஜப்பானில் உவேதா அகினாரி 1776இல் வெளியிட்ட ‘உகெட்சு மொனொகதாரி’யில், செவ்வந்தித் திருநாளன்று திரும்பி வருவதாக வாக்களித்துச் சென்ற ஒரு சாமுராய் அயலூரில் சிறைப்படுகிறான். உடல் கடக்க முடியாத தொலைவை ஆவி ஒரே நாளில் கடந்துவிடும் என்பதால் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டு, சொன்ன நாளில் நண்பன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறான். இது காதலா, உடன்பிறவாச் சகோதரர்களின் நட்பா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

இங்கிலாந்தில் வால்போல், பெக்ஃபர்ட், மேத்யூ லூயிஸ் ஆகியோரின் 18ஆம் நூற்றாண்டுக் கோதிக் நாவல்களிலிருந்து இம்மரபைத் தொடங்குவது வழக்கம். போலிடோரியின் ‘தி வாம்பயர்’ (1819) கதையில் ரூத்வென் பிரபுவுக்கும் ஆப்ரி என்ற இளைஞனுக்கும் உள்ள பிணைப்பையும் இதில் சேர்ப்பர். அக்கதை பைரனின் பெயரில் வெளியாகி, பைரனே மறுக்க நேர்ந்தது.

1871–1895

அயர்லாந்தைச் சேர்ந்த ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ 1871–72இல் ‘தி டார்க் புளூ’ என்ற இதழில் தொடராக வந்து, 1872இல் ‘இன் எ கிளாஸ் டார்க்லி’ தொகுப்பில் இடம்பெற்றது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வுக்கு இது 25 ஆண்டு மூத்தது. ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலத்தில், காட்டு நடுவே ஒரு கோட்டையில் தந்தையோடு வாழும் லாரா என்ற இளம்பெண்ணின் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள் கார்மில்லா. அவள் காட்டும் பிரியம் லாராவுக்கு இனிக்கவும் செய்கிறது, அருவருப்பாகவும் இருக்கிறது. இரண்டையும் லாரா மறைப்பதில்லை. இரவில் பூனை போன்ற கரிய மிருகம் ஒன்று கட்டிலில் ஏறுகிறது, மார்பில் இரண்டு ஊசிகள் இறங்கினாற்போல் வலிக்கிறது. விருந்தாளியின் பெயரெழுத்துகளை மாற்றியடுக்கினால் மிர்கால்லா, மில்லார்கா என்ற பழைய பெயர்கள் கிடைக்கும். இறந்து காட்டேரியானவளுக்குக்கூடத் தன் பெயரை எழுத்து மாற்றித்தான் மறைக்க முடிகிறது, புதுப்பெயர் சூட்டிக்கொள்ள முடிவதில்லை என்ற ஏற்பாடு கதையிலேயே மிக நுட்பமானது. பெண்களின் காதலைப் பேயாக்கித் தண்டிக்கும் கதை என்று இதை வாசிப்போர் உண்டு. தண்டனையெல்லாம் முடிந்த பின்னும் லாரா அவளை மறக்கவில்லையே என்று எதிர்வாதம் செய்வோரும் உண்டு.

ஜெர்மன் மொழியில் இதற்கு இணையாக நிற்பது கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் எழுதிய ‘மானோர்’. உல்ரிக்ஸ் வழக்கறிஞர். 1867 ஆகஸ்ட் 29 அன்று மியூனிக்கில் கூடிய சட்ட அறிஞர் மாநாட்டில், ஆணை விரும்பும் ஆணைத் தண்டிக்கும் சட்டங்களை நீக்கக் கோரிப் பேச எழுந்து, கூச்சலால் அமர்த்தப்பட்டவர். 1885இல் லைப்சிக் நகரில் வெளியான அவரது மாலுமிக் கதைத் தொகுப்பில் இது உள்ளது. களம் ஃபாரோ தீவுகள். கரையில் நிற்கும் அன்பன் ஹாரின் கண்ணெதிரே, திரும்பி வரும் கப்பல் உடைந்து மாலுமி மானோர் இறக்கிறான். புதைத்த பிறகும் இரவுதோறும் ஹாரைத் தேடி வருகிறான். ஊரார் கல்லறையைத் தோண்டிப் பிணத்தின் நெஞ்சில் கழு அடிக்கிறார்கள். அது போதாமல், பிறகு ஆணியைப் போல் தலை பருத்த கழு ஒன்றைச் செய்து அடிக்கிறார்கள். உருவிக்கொண்டு எழ முடியாமலிருக்க அந்தத் தலை! ஏக்கத்தில் நோயுற்றுச் சாகும் ஹார் தாயிடம் கேட்பது இரண்டு: தன்னை மானோருடன் ஒரே குழியில் வைக்க வேண்டும், கழுவைப் பிடுங்கிவிட வேண்டும். தாய் மறுக்கவில்லை. சட்டத்தை மாற்றக் கேட்டவரின் கதையில் ஊரின் ஆயுதத்தைப் பெற்றவளே எடுத்தெறிகிறாள் என்பதைத் தற்செயல் என்று கொள்வது கடினம். உல்ரிக்ஸ் தம் கடைசி ஆண்டுகளை இத்தாலியின் லாக்விலா ஊரில் இலத்தீன் இதழ் நடத்திக் கழித்து 1895இல் இறந்தார்.

அதே 1885இல் இங்கிலாந்து, லபூஷேர் திருத்தத்தின் வழியே ஆண்களுக்கிடையிலான எவ்வித ‘ஒழுங்கீன’ உறவையும் குற்றமாக்கியது. ஆஸ்கார் வைல்டின் ‘டோரியன் கிரேயின் ஓவியம்’ 1890 ஜூலையில் ‘லிப்பின்காட்ஸ்’ இதழில் வந்தபோது, பதிப்பாசிரியர் முன்கூட்டியே ஏறத்தாழ 500 சொற்களை வெட்டியிருந்தார். மறு ஆண்டில் வந்த நூல் பதிப்புக்காக வைல்டும் சில இடங்களைத் தணித்தார். ஆண்களுடனான அவரது உறவு குறித்த 1895 வழக்கில் இக்கதையின் பகுதிகளே நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக வாசிக்கப்பட்டன. வெர்னன் லீ என்ற ஆண்பெயரில் எழுதிய வயலட் பேஜெட்டின் ‘ஹான்டிங்ஸ்’ (1890) தொகுப்பும் இக்காலத்தது. ‘ஓக் ஆஃப் ஓக்ஹர்ஸ்ட்’ கதையில் கணவனைப் பொருட்படுத்தாத ஒரு சீமாட்டி, இரு நூற்றாண்டுக்கு முன் கொல்லப்பட்ட ஒரு கவிஞனின் நினைவிலும் தன் பெயரே கொண்ட மூதாதையின் ஆண்வேடத்திலும் மூழ்கிப்போகிறாள்.

எரிக் ஸ்டென்பாக் பிரபு (1860–1895) பெரும்பாலான இலக்கிய வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பு. அதைவிட அதிக இடத்துக்கு உரியவர். எஸ்தோனியாவில் குடும்ப நிலம், லண்டனில் வீடு, வீட்டில் பாம்புகளும் பிற பிராணிகளும். ஆளுயர மரப்பொம்மை ஒன்றைத் தம் மகன் என்று சொல்லிப் போகுமிடமெல்லாம் கொண்டுசென்றார் என்பர். அவரைப் பற்றிய செய்திகளில் எது உண்மை, எது நண்பர்கள் சேர்த்தது என்று பிரிப்பது எளிதன்று. ஓநாய் மனிதர் கதையான ‘தி அதர் சைடு’ 1893இல், ஆல்ஃபிரட் டக்ளஸ் நடத்திய ஆக்ஸ்ஃபர்ட் இதழில் வந்தது. 1894இல் வந்த ‘ஸ்டடீஸ் ஆஃப் டெத்’ தொகுப்பில், மீண்டும் ஸ்டீரியாவிலேயே நடக்கும் ஒரு காட்டேரிக் கதை உண்டு. கதையைச் சொல்பவள் பெயர் கார்மெலா. லெ ஃபானுவுக்குச் செலுத்திய வணக்கமாகவே இதைப் பலரும் கொள்கின்றனர். ஸ்டென்பாக் இறந்தது 1895 ஏப்ரல் 26. வைல்ட் மீதான குற்ற வழக்கு விசாரணை தொடங்கிய அதே நாள்.

பிற்காலம்

அடுத்த அரை நூற்றாண்டில் அச்சுக்கு வந்தவை சொற்பம். இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் எழுதிய ‘டாக்டர் உலாகாட்’ கதையில், நோயாளி இளைஞன் ஒருவனைத் தேடிவரும் தொழிலாளி, போரில் காயமுற்று இறந்தவனின் ஆவி. கைப்படியாகப் படித்த டி. இ. லாரன்ஸ் வியந்து பாராட்டினார். ஃபார்ஸ்டர் உயிரோடிருந்தவரை வெளியிடவில்லை. 1972இல்தான் நூலில் வந்தது.

லிவர்பூல்காரரான கிளைவ் பார்க்கரின் ‘புக்ஸ் ஆஃப் பிளட்’ (1984–85) வரிசை திருப்புமுனை எனப்படுகிறது. முதல் தொகுதியில் உள்ள ‘இன் தி ஹில்ஸ், தி சிட்டீஸ்’ கதையில் மிக், ஜட் என்ற காதலர் இருவர் யூகோஸ்லாவிய மலைப்பகுதியில் காரில் போகிறார்கள். வழியெல்லாம் அரசியல் சண்டை. பொப்பொலாக், பொடுயேவோ என்ற இரு ஊர்களின் மக்கள் பல்லாயிரவர் ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைந்து, இரண்டு மலையளவு அரக்கர்களாக எழுந்து மோதும் சடங்கு பேரழிவில் முடிந்ததை அங்கே காண்கிறார்கள். இருவரின் உறவு கதையில் புதிரும் அல்ல, பாவமும் அல்ல. சலித்துப்போன எந்தத் தம்பதியையும் போலத்தான் பேசிக்கொள்கிறார்கள். முந்தைய கதைகளில் அச்சத்தின் ஊற்றாயிருந்த காதல் இங்கே அச்சத்தைப் பார்க்கும் கண்ணாக மாறிவிட்டது. வாசகரை இவ்வகை ஈர்ப்பதற்கான காரணத்தைச் சிலர் இம்மாற்றத்தில் காண்கின்றனர். வேறு சிலரோ, ஊர் விரட்டும் உருவத்தின் பக்கம் நிற்கும் பழைய சுகமே அதற்குக் காரணம் என்பர்.

இந்நாள் பில்லி மார்ட்டின் அந்நாளில் பாப்பி இசட். பிரைட் என்ற பெயரில் எழுதிய கதைகள் 1990களில் பரவலாகப் படிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பிணங்கள் எழுந்து நடமாடும் கல்கத்தாவில் நிகழ்வது. ஜுவெல் கோமெஸின் ‘தி கில்டா ஸ்டோரீஸ்’ (1991) அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பினப் பெண்ணைக் காட்டேரியாக்கியது. மைக்கேல் ரோ தொகுத்த ‘குயர் ஃபியர்’ 2000இலும் அதன் இரண்டாம் தொகுதி 2002இலும் வந்தன. ஸ்டீவ் பெர்மன் தொகுத்த ‘வைல்ட் ஸ்டோரீஸ்’ ஆண்டுத் தொகுப்புகள் 2008இல் தொடங்கின.

2015 அக்டோபரில் ‘நைட்மேர்’ இதழ் பால்புதுமையின எழுத்தாளர்களுக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. கார்மென் மரியா மச்சாடோவின் முதல் சிறுகதைத் தொகுப்பு 2017இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.