நேரம் மாறினால் போதுமா? ஒரு சின்ன வரலாறு



"வேலை நேரம் கொஞ்சம் வசதியா இருந்தா பொம்புளப் புள்ளைகள் போகலாம்" என்று நம்ம ஊரில் அடிக்கடி சொல்வோம். அந்த வசதியான நேரம் உலகத்தில் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

1960களில் மேற்கு ஜேர்மனியில் தொழில்கள் பெருகின, ஆட்கள் போதவில்லை. அப்போது கிறிஸ்டல் கெமரர் என்ற பெண் பொருளியலாளர் ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் ஒரே மணிக்கு வந்து ஒரே மணிக்குப் போக வேண்டியதில்லை. பகலில் சில மணித்தியாலம் எல்லோரும் இருந்தால் போதும். வருவதையும் போவதையும் அவரவர் தீர்மானிக்கட்டும். அப்படியானால் பிள்ளைகளுள்ள தாய்மாரும் வேலைக்கு வரலாம் என்பது அவருடைய கணக்கு.

மியூனிச் நகருக்குப் பக்கத்தில் ஒட்டோபுருன் என்ற இடத்தில் ஒரு விமான நிறுவனம் இருந்தது. பின்னாளில் மெஸ்ஸர்ஸ்மித்-போல்கோ-ப்ளோம் என்று பெயர் பெற்றது அதுதான். 1967இல் அங்கே இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் தாய்மாருக்காக அல்ல. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டதுதான் காரணம்.

அதே காலத்தில் அந்த நாட்டின் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? வீட்டை நடத்துவது மனைவியின் பொறுப்பு, குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால்தான் அவள் உத்தியோகம் பார்க்கலாம் என்றது. 1977 ஜூலை 1 முதல்தான் வீட்டுப் பொறுப்பைக் கணவனும் மனைவியும் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று அது மாறியது. வேலைத்தலத்தில் மணிக்கூடு மாறிப் பத்து வருடம் கழித்துத்தான் வீட்டுச் சட்டம் மாறியிருக்கிறது.

நம் நாட்டிலும் கண்டோம். 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு என்று அமைச்சரவை முடிவெடுத்தது. எரிபொருள் தட்டுப்பாடும் வீட்டுத்தோட்டமும்தான் காரணம். லீவு ஆணுக்கும் கிடைத்தது, பெண்ணுக்கும் கிடைத்தது. காஸ் இல்லாத அந்த நாட்களில் விறகடுப்பு ஊதியது யார் என்று ஒவ்வொரு வீடும் தன்னைக் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆசிரியத் தொழிலைப் பாருங்கள். 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது, "பொம்புளைகளுக்குத் தோதான உத்தியோகம்" என்கிறோம். ஆனால் எங்களோடு படிப்பிக்கும் சகோதரிகள் பலருக்கு சுபஹுக்கு முன்பே அடுப்படி தொடங்கிவிடுகிறது. 1.30க்குப் பிறகு சமையல், உடுப்பு, பிள்ளைகளின் பாடம். எல்லோரும் படுத்த பிறகுதான் கொப்பி திருத்துகிறார்கள். எங்களில் ஆண்களுக்கோ அதே 1.30க்குப் பிறகு ஓய்வு.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: நேரத்தை மாற்றினால் வேலை ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்கு நகரும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நகராது. அதை வீட்டுக்குள்ளே நாம்தான் நகர்த்த வேண்டும்.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்ன செய்தியை எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம்.

பட்டம் முடித்து நியமனமும் கிடைத்த பிள்ளைகள் கல்யாணத்தோடு வேலையை விடுவதை இன்னும் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது? கல்யாணப் பேச்சில் வீடும் வளவும் பேசுகிறோமே, அந்த வீட்டின் வேலைகளை யார் யார் செய்வது என்பதையும் அதே இடத்தில் பேசுவோம்.